முப்பத்தெட்டு நொடிச் சுத்தியல்

சோபாக்காரர் வாயில் ஆணி இருக்கும்போதுதான் அந்த வீட்டில் மற்றவர்களுக்குப் பேசத் தைரியம் வரும். பொடி ஆணி இருபது முப்பதை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்காலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்த முனைச் சுத்தியலை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். டக், டக் என்று இரண்டு தட்டு, அப்புறம் டொக் என்று ஒரு அடி. ரெக்ஸின் சட்டத்தோடு பிடித்துக்கொண்டுவிடும். இந்த வேலை நடக்கிற வரைக்கும் அவரால் "ம்", "ம்ஹும்" தவிர ஒன்றும் சொல்ல முடியாது. அவர் சம்சாரம் இருபத்தாறு வருஷமாகத் தலைபோகிற விஷயங்களையெல்லாம் இந்த நேரம் பார்த்துத்தான் சொல்லி வந்திருக்கிறாள். மகளை டிரம்ஸ் வகுப்பில் சேர்த்ததையே ஒரு மூணு பேர் சோபாவின் முதுகு முடிவதற்குள் சொல்லி முடித்தவள்.

அன்றைக்கும் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"என்னங்க, பட்டறை ரேடியோ பாடல. ரிப்பேரு போல."

சோபாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். உள்ளங்கையில் ஆணியையெல்லாம் துப்பினார். அப்படித் துப்பினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"நேத்து சாயங்காலம் பாடிச்சே?"

"பாடிச்சு. இன்னைக்குப் பாடல."

"தானாவா நின்னுச்சு?"

"பின்னே? நான் என்ன ராத்திரியோட ராத்திரியா அதோட வாயைத் தைச்சிட்டேனா?"

அவர் எழுந்து போய் ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார். ஒயரைத் தடவினார். பிளக்கைக் கழற்றினார். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த இடம் மாதிரி காலியாக இருந்தது. ஃபியூஸ் எரிந்துபோகும், கறுத்துப்போகும். எழுந்து நடந்து போகுமா? அவர் பிளக்கை மறுபடி மூடி முடுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சம்சாரத்தின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்தது. சோபாவைக் கொண்டு வருகிறவன் ஒருத்தனும் அதன் உள்ளே இருப்பதைப் பற்றி உண்மை சொன்னது கிடையாது. "உள்ள அருமையான ஸ்பாஞ்சுங்க, மேல துணி மட்டும் மாத்தினாப் போதும்" என்பான். பிரித்துப் பார்த்தால் வைக்கோல் இருக்கும், கிழிந்த கோணி இருக்கும். ஒரு தடவை ஒரு முழுப் பாவாடையே சுருட்டித் திணித்திருந்தது. மேலே பளபளவென்று இருப்பதை நம்பாதே, உள்ளே கைவிட்டுப் பார் என்பதுதான் அவருடைய கொள்கை. பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவார்.

இந்த ரேடியோ விஷயத்தில் அவருக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், அவரே அதில் வரப்போகிறார். அவருடைய சுத்தியல் வரப்போகிறது.

மகளுக்கு இருபத்திமூணு வயசு. அவளும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். பாடுகிற பையன் ஒருத்தன், கிதார் வாசிக்கிற நெட்டை ஒருத்தன், குட்டை ஒருத்தன். இவள் டிரம்ஸ். குழுவுக்குப் பெயர் ஈரச் சிமெண்ட். தெருவில் முதலில் எல்லாரும் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். பட்டறைக்குப் பின்னால் பழைய சட்டங்களைப் போட்டு வைக்கிற கோடவுனில்தான் பயிற்சி. மிச்சம் விழுந்த ஸ்பாஞ்சையெல்லாம் சுவரில் ஒட்டி வைத்திருந்ததால் வெளியே அவ்வளவாகச் சத்தம் வராது. ரெண்டு வருஷத்தில் நாலு கல்லூரியில் வாசித்துவிட்டார்கள். ஒரு ஓட்டலில் சனிக்கிழமை சனிக்கிழமை கூப்பிடுகிறார்கள். வாசலில் வந்து படம் எடுத்துக்கொள்ள நிற்கிற அளவுக்குப் பேர் வந்துவிட்டது.

ஒருநாள் மழை. சோபாக்காரர் ஒரு கைவைத்த நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மகள் கோடவுனிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குச்சியைத் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டாள். அவர் நிறுத்திவிட்டு என்ன என்று பார்த்தார்.

"அப்பா, நிறுத்தாதே. அப்படியே அடி."

"ம்?"

"அடிப்பா. என்னைப் பாக்காதே. நாற்காலியைப் பாரு."

போனை எடுத்து ஸ்பாஞ்சு மேல் வைத்துப் பதிவு செய்துகொண்டாள். டக் டக் டொக், டக் டக் டொக். முப்பத்தெட்டு நொடி. பத்து நாள் கழித்து அவர்களுடைய முதல் பாட்டு, 'மூணாவது மாடி', தயாரானபோது அது அவருடைய சுத்தியலில்தான் ஆரம்பித்தது.

அதோடு தெருவின் நிம்மதி போயிற்று. எதிர்சாரிக் குழாய்க்கடைக்காரரைக் கூப்பிட்டு, போனை அவர் காதில் வைத்து, "இது யாரு தெரியுதா? நான்தான்" என்றார். பால் போடுகிறவரிடம் சொன்னார். சட்டம் அறுத்துத் தருகிற மர மில்லில் சொன்னார். முப்பத்தெட்டு நொடி ஓடும், நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து போடுவார். இது ரேடியோவுக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் ஒருநாள் சாப்பாட்டின்போது எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணு சொல்லிட்டேன். என் சுத்தியல் வெளியே போனா, உங்க டிரம்ஸும் கோடவுனை விட்டு வெளியே போகும். ஆமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பல விஷயங்கள் நடந்திருக்கின்றன. யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

பாட்டை ரேடியோவுக்குக் கொண்டுபோகிற வேலையைச் சம்சாரத்தின் தம்பி ஏற்றுக்கொண்டான். ரேடியோக்காரர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துப் பதினெட்டு வருஷம் அலைந்தவன். எந்த நிலையத்தில் எந்தக் கதவு, யார் எப்போது டீ குடிக்க வெளியே வருவார்கள், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பாட்டு போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. "போட்டுட்டாங்க அத்தான், தினமும் போடுறாங்க" என்கிறான். சோபாக்காரர் காதில் மட்டும் ஒருநாளும் விழவில்லை.

ரேடியோ பாடாமல் போன அன்று மத்தியானம் அவர் குழாய்க்கடைக்குப் போனார். ஒரு வாரமாக வானம் மூடிக்கொண்டிருந்தது. பசை காயவில்லை, வேலையும் ஓடவில்லை. குழாய்க்கடைக்காரர் டப்பா டப்பாவாக வாஷர் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பாட்டு கேட்டியா?"

"கேட்டேன்ணே, கேட்டேன்."

"எப்ப?"

"நேத்துகூடக் கேட்டேனே. பதினொண்ணே கால் இருக்கும்."

"சுத்தியல் வந்துச்சா?"

குழாய்க்கடைக்காரர் ஒரு வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வராம? டக் டக்குனு ஜோரா வந்துச்சுண்ணே."

சோபாக்காரருக்கு மார்பு விரிந்தது. ரெண்டு எட்டு நடப்பதற்குள் சுருங்கிவிட்டது. பதினொண்ணே கால். நேற்று பதினொண்ணே காலுக்கு அவர் எங்கே இருந்தார்? நூல் வாங்கப் போயிருந்தார். சம்சாரம்தான் அனுப்பினாள். முந்தாநாள்? அதே நேரத்துக்கு, "அந்த டாக்டரம்மா வீட்டுத் திண்டு அளவு சரியாத் தெரியல, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்று அனுப்பினாள். அதற்கு முந்தின நாள் பதினோரு மணிக்குத் தலை வலிக்கிறது, ரேடியோவை அணைங்க என்றாள். ஏழு சோபாவுக்கு மெஷின் ஓட்டியபோது வலிக்காத தலை.

சாயங்காலம் மச்சான் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டான். சோபாக்காரர் எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"மச்சான், எனக்கு ஒரு விவரம் வேணும்."

"கேளுங்க அத்தான்."

"இந்தப் பாட்டை நீ யார் கையில குடுத்தே?"

"அங்க பாட்டுத் தேர்வு பண்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க கையில."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்காமயா? காதுல மாட்டிக்கிட்டு, விரலை பட்டன் மேலயே வச்சிருப்பாங்க. ஒரு நாளைக்கு அறுபது பாட்டு வருதில்ல? பிடிக்கலேன்னா தட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. பதினஞ்சு நொடிக்குள்ள ஆளு பாடலேன்னா..." மச்சான் சட்டென்று ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான்.

"பாடலேன்னா?"

"பாடலேன்னா... பாடச் சொல்லுவாங்க."

"பாட்டுப் பதிவாகிப் போச்சு. அப்புறம் யாரைப் பாடச் சொல்லுவாங்க?"

"அக்கா, கொஞ்சம் தண்ணி."

தண்ணீர் பறந்து வந்தது. அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருந்தார்கள். அப்படிப் பார்க்காமல் இருப்பதற்கு நிறைய ஒத்திகை வேண்டும்.

மகள் உள்ளே வந்தவள் மூணு பேரையும் பார்த்தாள். "என்ன மாமா, விக்கலா?"

"உங்கப்பா விசாரணை பண்றாரும்மா."

"என்ன விசாரணை?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் சோபாக்காரர். "பாட்டு ரேடியோவுல எப்படி வருதுன்னு கேட்டேன். நீ கேட்டியா?"

"கேட்டேன்பா."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"ஆரம்பம்?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. "எல்லாம் நல்லா இருந்துச்சுப்பா. எனக்குப் பயிற்சி இருக்கு. வெள்ளிக்கிழமை முடிவு சொல்றாங்க."

"என்ன முடிவு?"

மச்சான் முந்திக்கொண்டான். "இதுவரைக்கும் பதினொண்ணே கால்னு ஒரே ஒரு நேரம்தான் அத்தான். சும்மா போட்டுப் பாக்குறாங்க. வெள்ளிக்கிழமை அவங்களுக்குத் திருப்தின்னா தினப் பட்டியல்ல சேர்த்துடுவாங்க. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. அதுக்கப்புறம் இவங்க எங்கியோ போயிடுவாங்க. சேர்க்கலேன்னா..." கையை விரித்தான்.

அன்று படுக்கப் போகும்போது சோபாக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பாட்டு ஓடுகிறது, அதில் சந்தேகமில்லை. சுத்தியலும் இருக்கிறது, குழாய்க்கடைக்காரரே சொல்லிவிட்டார். ஆனால் அது இவருடைய சுத்தியல் இல்லை. வேறு எவனையோ, ஒரு தச்சனையோ கிச்சனையோ கூப்பிட்டு, ஸ்டுடியோவில் வைத்து, மறுபடி அடிக்கச் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் இவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் கேட்டால் ஒரே அடியில் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். மர மில்லில் பெரிய இழைப்பு மெஷினை ஓட்டுகிறவன் ஒரு மாதமாக அவரைப் பார்த்தால் காரணமில்லாமல் சிரிக்கிறான். அவனாகத்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை அவருக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. காத்திருக்கிறவர்கள் உட்காரும் நீளப் பெஞ்சு. சுவரோடு சேர்த்து அடித்தது, கழற்றிக் கொண்டுவர முடியாது. அங்கேயே போய் ரெக்ஸின் மாற்ற வேண்டும். சம்சாரம் பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துச் சந்தோஷமாக அனுப்பினாள். நாள் பூராவும் வெளிவேலை. அந்தக் கிளினிக்கில் ரேடியோ இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

சீட்டு எழுதுகிற பெண் மேஜைக்குப் பின்னால் இருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிய பெரியவர் ஒருத்தர் நாற்காலியில் இருந்தார். பழைய ரெக்ஸினைக் கிழித்து எடுத்துப் பட்டையை இறுக்குவதற்கே பத்தரை ஆகிவிட்டது. அப்புறம் புதுசை விரித்து, மூலை மடித்து, வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே டாக்டர் யாருக்கோ பல்லை ராவிக்கொண்டிருந்தார். ரேடியோவில் யாரோ தொலைபேசியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு பாட்டு வந்தது. எடுத்த எடுப்பிலேயே குரல். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூணாவது மாடி ஏறுகிற ஒருத்தனைப் பற்றி என்னவோ வந்தது. சோபாக்காரர் வார்த்தைகளைக் கவனிக்கவில்லை. அவருக்கு அதில் வருகிற அடி பிடித்திருந்தது. சும்மா தடதடவென்று பாத்திரம் உருட்டாமல் நின்று நிதானமாக, ரெண்டு தட்டு ஒரு அடி, ரெண்டு தட்டு ஒரு அடி என்று போயிற்று. நடுவில் ஓரிடத்தில் குரலும் கிதாரும் நின்றுபோய் அது மட்டும் தனியாக வந்தது. எவனோ கை சுத்தமானவன் என்று நினைத்துக்கொண்டார்.

கன்னம் வீங்கிய பெரியவர் ஒரு பக்க வாயால் சொன்னார்: "உங்க சுத்தியல் பாட்டோட சேந்தே விழுதுங்க."

அப்போதுதான் சோபாக்காரர் கவனித்தார். அவருடைய கை அந்தத் தாளத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. அறிவிப்பாளப் பெண் கலகலவென்று சொன்னாள்: "ஈரச் சிமெண்ட்! மூணாவது மாடி! எப்படி இருந்துச்சு, சொல்லுங்க!"

கை அந்தரத்தில் நின்றது. வாயில் பதினெட்டு ஆணி. துப்பலாமா விழுங்கலாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தார். சீட்டு எழுதுகிற பெண் எழுந்துவிட்டாள். "என்னாச்சு சார்? ஆணியை முழுங்கிட்டீங்களா? டாக்டர்!"

"ம்ஹும்," என்றார் சோபாக்காரர். ஒவ்வொரு ஆணியாகக் கையில் எடுத்து எண்ணினார். பதினெட்டும் இருந்தன. "ஏம்மா, இந்தப் பாட்டு முதல்ல இப்படித்தான் ஆரம்பிக்குமா? முன்னாடி வேற ஏதாவது சத்தம் வருமா?"

"எந்தச் சத்தம்? ஒரு வாரமா கேக்குறேன், எடுத்ததுமே பாட்டுத்தான். அதனாலதான் பிடிக்குது. சிலது இருக்கே, ஆரம்பிக்கவே அரை நாள் ஆகும்."

பெஞ்சை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். கோபம் வந்தால் வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். மூலை மடிப்பு எப்போதையும்விடக் கத்தி மாதிரி விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சம்சாரம் திண்டு உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்திவிட்டாள்.

"ஃபியூஸ் எங்கே?" என்றார்.

அவள் பாபின் டப்பாவைத் திறந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான் செத்தா போயிடுவேன்னு நினைச்சீங்க?"

"கோடவுனைப் பூட்டிடுவீங்கன்னு நினைச்சோம். நீங்கதானே சொன்னீங்க?"

"அது நான் சிரிச்சுக்கிட்டே சொன்னது."

"எங்கம்மா வீட்டுக்குப் போறதை நிறுத்துனதும் சிரிச்சுக்கிட்டேதான்."

"அந்தக் கதையை இப்ப இழுக்காதே. வெட்டினது யாரு? உன் தம்பியா?"

"அவனைத் தொடாதீங்க. அவன் மூணு நிலையத்துக்கு உங்க சுத்தியலோடதான் கொண்டுபோனான். மூணு இடத்துலயும் பத்து நொடி கேட்டுட்டு, ஏதோ கட்டட வேலை நடக்குது, ரெக்கார்டிங் சரியில்லேன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நாலாவது இடத்துல அந்தம்மா கொஞ்சம் பொறுமையா இருந்து கடைசி வரைக்கும் கேட்டாங்க. பாட்டு நல்லா இருக்கு, முன்னாடி இருக்கிறதை எடுத்துட்டு வாங்க, போடுறேன்னாங்க."

"அப்ப அந்தப் பாட்டுக்காரப் பையன் வெட்டினானா? அவன் குரல் சீக்கிரம் வரணுமே அவனுக்கு."

"நான்தான் வெட்டினேன்."

மகள் கோடவுன் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. குச்சி ரெண்டும் கையில் இருந்தன.

"நீயா?"

"அவங்க மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்கப்பா. உங்கப்பாவை நாங்க எடுக்க மாட்டோம், வேணும்னா நீயே எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. நான்தான் உக்காந்து எடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அவர் மேஜைமேல் இருந்த ஃபியூஸை விரலால் உருட்டினார்.

"சோபாவுக்கு உள்ள நீ சணல் துணி போடுவியேப்பா, வெளியே தெரியாட்டியும் அதுதானே எல்லாத்தையும் தாங்குது..."

"அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட விடாதே. நான் தினமும் போடுற சணலை எனக்கே எடுத்துக் காட்டாதே. என் சத்தம் உனக்குக் கேவலமாப் போச்சு, அவ்வளவுதான்."

மகள் முகம் மாறியது. அதுவரை பயந்துகொண்டு நின்றவள் ரெண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"கேவலமா? நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. அந்தப் பாட்டு உன் போன்ல ரெண்டு மாசமா இருக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை போட்டிருப்பே. முப்பத்தெட்டு நொடிக்கு அப்புறம் என்ன வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

சோபாக்காரர் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"தெருவுல ஒவ்வொருத்தர் காதுலயும் வச்சே. நான் மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உன் சுத்தியல் முடியும். என் முதல் அடி விழும். உன் விரல் வந்து நிறுத்தும். மறுபடி முதல்லேர்ந்து போடுவே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விட்டுட்டுக் கேப்பியான்னு நின்னு நின்னு பாத்தேன்பா. எனக்கும் சந்தேகம் வந்துச்சு. இவருக்கு என் வாசிப்பே பிடிக்கலை போலிருக்கு, நாலு பேர் பாக்குறாங்களேன்னு சகிச்சுக்கிறாருன்னு."

சம்சாரம் ஜிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூடினாள்.

சோபாக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கிளினிக்கில் கேட்டதைச் சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால் அசிங்கம். சொல்லாமல் இருந்தால் அதைவிட அசிங்கம்.

"இன்னைக்குக் கேட்டேன்," என்றார்.

"எங்கே?"

"பல் டாக்டர் கிட்ட. உன் பாட்டுன்னே எனக்குத் தெரியல. சுத்தியல் இல்லேல்ல, எனக்கு எப்படித் தெரியும்? எவனோ அடிக்கிறான்னு நினைச்சேன்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எவனோ கை சுத்தமானவன்னு நினைச்சேன்."

மகள் அவரையே பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாதபடி உதடு கோணியது. "எவனோவா?"

"ஆணி வாயில இருந்துச்சு. இல்லாட்டி சத்தமாவே சொல்லியிருப்பேன்."

"சரி, இப்பச் சொல்லு."

"ஒரு தடவைதான் சொல்லுவேன். போடு அதை. வெட்டினதையே போடு."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். அவர் குனிந்து கேட்டார். ஒரு இடத்தில் விரலைத் தூக்கினார். "இது?" "நான்தான்." "இது, இந்த உருட்டு?" "அதுவும் நான்தான்பா. டிரம்ஸே ஒண்ணுதானே, வேற யாரு அடிப்பா?" "கேட்டாத் தப்பா?" நடுவில் எல்லாம் நின்றுபோய் டிரம்ஸ் மட்டும் வந்தபோது விரலைத் தூக்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்தார்.

"இதுக்கு ஒரே ஒரு கணக்குத் தீர்க்கணும். தெருவுல அத்தனை பேரையும் பொய் சொல்லச் சொல்லி யாரு ஏற்பாடு பண்ணினது? குழாய்க்கடைக்காரன் சுத்தியல் ஜோரா வந்துச்சுங்கிறான். பால்காரரு கேட்டேங்கிறாரு. மர மில்லுக்காரன் பாத்தாலே சிரிக்கிறான்."

அம்மாவும் மகளும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை ஒத்திகை இல்லாத பார்வை.

"நாங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் சம்சாரம்.

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

"உங்க தலையில எதுக்கு, என் மெஷின் மேல அடிச்சுச் சொல்றேன். ஒரு ஈ காக்காவுக்குக்கூடச் சொல்லலை."

"பின்னே எப்படி எல்லாரும்..."

"நீங்க போற எடமெல்லாம் கேட்டியா கேட்டியான்னு சட்டையைப் பிடிச்சா, ஆளு கேட்டேன்னு சொல்லித் தப்பிக்க மாட்டானா? அவங்க ரேடியோவே வச்சிருக்க மாட்டாங்க. மர மில்லுக்காரன் உங்ககிட்ட மட்டுமா சிரிக்கிறான்? அவனுக்கு முன்பல்லு ரெண்டும் அப்படி. வாயை மூடினாலும் மூடாது."

இதை அவர் நம்பினார். முழுசாக நம்பினார் என்று சொல்ல முடியாது, ஆனால் ஃபியூஸை எடுத்துப் பிளக்கில் போட்டுத் திருகினார். கோடவுன் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்து மகளிடம் கொடுத்தார். "இது இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். எனக்குக் கோபம் வர்ற நேரத்துல கையில இருந்தா நல்லதில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மச்சான் போன் செய்தான். தினப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். மகள் கோடவுனுக்குள் ஓடினாள். உள்ளே நாலு பேரும் குதித்ததில் ஸ்பாஞ்சையும் மீறித் தரை அதிர்ந்தது. சோபாக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார். பத்து நாளைக்கப்புறம் வெயில் அடித்தது. குழாய்க்கடைக்காரர் அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்.

"கேட்டேன்ணே, நேத்தும் கேட்டேன். சுத்தியல் சும்மா கணீர்னு..."

சோபாக்காரர் அவரை நிறுத்தவில்லை. பாவம், நம்மால் எத்தனை பேர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்தார். "சுத்தியலை விடு. அதுல டிரம்ஸ் வருமே, அதைக் கேளு. என் பொண்ணு அடிக்கிறா."

"அதைச் சொல்லணுமாண்ணே? நடுவுல எல்லாம் நின்னு அது மட்டும் தனியா வருமே, லிஃப்டு ஓடலேன்னு பாடினதுக்கு அப்புறம்? அந்த இடத்துல நான் கடையில எந்த வேலை இருந்தாலும் நிறுத்திடுவேன். முதல் நாள்லேர்ந்து ஒரு நாள்கூட..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த குழாயைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது புதுக் குழாய், பளபளவென்றுதான் இருந்தது.

"முதல் நாள்லேர்ந்தா?" என்றார் சோபாக்காரர்.

"ஆமாண்ணே."

"தினமும்?"

குழாய்க்கடைக்காரர் நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால், வாஷர் டப்பாக்களுக்கு நடுவில், ஒரு சின்ன ரேடியோ மெல்லிசாக முனகிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதை இத்தனை நாள் வந்தும் சோபாக்காரர் பார்த்ததில்லை.

சுத்தியல் வரவில்லை என்று தெரிந்துகொண்டேதான் ஜோரா வந்துச்சு என்றாயா என்பதிலிருந்து அவருக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. கேட்டிருந்தால் குழாய்க்கடைக்காரர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டிருப்பார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மணி என்ன?"

"பதினொண்ணு அடிச்சு ஒம்பது நிமிஷம்ணே."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. சத்தத்தைக் கூட்டி வை. அந்த இடம் வந்தா சொல்லு."